கந்தசாமி அண்ணன் சுத்தம் செய்த சரிவு

1. வெட்டக்கூடாது

மலேசியாவில் பத்து காஜா பக்கம் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை மறுபடி காடாக்கும் வேலையில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். வேலையாட்களை நடத்தும் எங்கள் மண்டோர் கந்தசாமி அண்ணன் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கன்று நட்டால் அதைச் சுற்றி ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது அவருக்குத் தோட்டம் கொடுத்த பாடம். காட்டு மரமான மெராந்தியின் கன்றுகளையும் அப்படித்தான் வளர்த்தார். பிற்பகல் மழை தவறாத வரை அவையும் ஜம்மென்று வந்தன.

பிறகு மழை முறை தப்பியது. வாரக்கணக்கில் வெயில் கொளுத்தியது. இனிப் புதர் வெட்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஏன் என்று கேட்டேன். சொன்னதைச் செய்யுங்கள் என்றார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் அண்ணனிடம் நானும் அதையேதான் சொல்ல முடிந்தது. கூலியை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

2. திங்கட்கிழமை காலை

பெரிய அதிகாரி திங்களன்று பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. புதர் மண்டிய சரிவை அவர் பார்த்தால் மானம் போய்விடும் என்று அண்ணனுக்கு ஒரே கவலை. முதல் நாள் ஞாயிறு. சம்பளம் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு, புல்வெட்டும் மெஷினோடு போய்ச் சரிவு முழுவதையும் வெட்டிவிட்டார்.

"இப்பப் பாரு தங்கச்சி, தலை சீவுன மாதிரி இருக்குலா" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

நிழல் போன மண் வெடித்தது. கன்றுகள் கருகின. அண்ணன் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். ஒன்றும் பிழைக்கவில்லை. புதர்தான் மண்ணின் ஈரத்தைக் காத்தது என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளக்கினார்கள். ரொம்ப சீக்கிரம்! அண்ணனை யாரும் திட்டவில்லை. அவராகவே வேலையிலிருந்து நின்றுவிட்டார். விளக்கம் சொல்ல வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவே இல்லை.

3. போன மாதம்

மறுபடி நட்டோம். புதரை அப்படியே விட்டோம். இப்போது மெராந்தி என் தலைக்கு மேல் நிற்கிறது. நான் ஓய்வு பெற்றும் ஆயிற்று. போன மாதம் அண்ணனை வற்புறுத்தி அழைத்துப்போய்க் காட்டி, காரணத்தையும் சொன்னேன். ஒரு கன்றின் அடியில் புல்லைப் பிடுங்கக் குனிந்தவர், கையை எடுத்துக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, வெட்ட வந்தவன நானே வெரட்டியிருப்பேன்லா, தங்கச்சி."

வானிலை மாறினால் வேலை முறையும் மாறத்தான் வேண்டும். மாற்றச் சொல்கிறவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தச் சரிவுக்கு அவரைவிட நல்ல காவல்காரர் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார்.