குறைந்துகொண்டே இருந்த எண்ணெய்

ரொட்டிக்காரர் எவரையும் எளிதில் நம்பமாட்டார். மெக்கானிக்குகளை அறவே நம்பமாட்டார். முன்பொருமுறை பட்டறையில் விட்ட வண்டி, புது ஸ்பார்க் பிளக்கைப் பறிகொடுத்துவிட்டுப் பழையதோடு திரும்பியதாக இன்றும் சாதிப்பார். அன்றுமுதல் தம் மோட்டார் சைக்கிளுக்குத் தாமே வைத்தியர். அடுமனையிலிருந்து ரொட்டிகளை ஏற்றிச்சென்று கடைகடையாகப் போடுவது அவர் தொழில். வண்டி படுத்துவிட்டால் வீட்டில் உலை ஏறாது. ஆகவே விடுமுறைதோறும் செயினைத் துடைத்து எண்ணெயிடுவார். அதன் தொய்வை விரலால் அழுத்திப் பார்ப்பார். சக்கரங்களின் காற்றையும் பிரேக்கையும் சோதிப்பார். ஒவ்வொரு நட்டின் மீதும் மனைவியின் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவைப்பார். கோடு விலகியிருந்தால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பொருள்.

"என் நகத்துல இல்லாத சிவப்பெல்லாம் அந்த வண்டியிலதான் இருக்கு" என்று மனைவி அலுத்துக்கொள்வார்.

இத்தகைய வண்டியில் திடீரென எஞ்சின் எண்ணெய் குறையத் தொடங்கியது. அளவுகோலை உருவிப் பார்த்தால் கீழ்க்கோட்டைக்கூட எண்ணெய் தொடவில்லை. ஊற்றினார், மறுவாரமும் குறைந்திருந்தது. மீண்டும் ஊற்றினார்.

வண்டி நின்ற குறுகிய நடையிலேயே மைத்துனனின் பழைய ஸ்கூட்டரும் நின்றது. மனைவியின் தம்பியான அவன், வேலை தேடி வந்து அவர்களோடு தங்கியிருந்தான்.

"மச்சான், உன் வண்டிக்கு எண்ணெய் எங்க வாங்குற?"

"கடையிலதான் அத்தான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு காவல் நிலையமே இருந்தது.

எண்ணெய் மூடியின் மேலும் கோடு இழுத்துவைத்தார். கோடு கலையவில்லை, எண்ணெய் மட்டும் குறைந்தது. திருடன் கோட்டையும் திரும்ப வரைந்துவிடுகிறான் என முடிவுசெய்து, நகச்சாயப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தார். இறுதியில் ஒருநாள் சாப்பிடும்போது, "வீட்டுக்குள்ளயே திருட்டு நடக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மைத்துனனைப் பார்த்தார்.

அவன் தட்டிலேயே கை கழுவினான். மறுநாள் காலையில் பெட்டி கட்டிவிட்டான்.

"அவன் இப்படிப் போனா இந்த வாசப்படிய மறுபடி மிதிக்கமாட்டான். எனக்குப் பிறந்த வீடுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்" என்றார் மனைவி.

நடையில் சாய்ந்து நின்ற மோட்டார் சைக்கிள் பெட்டியை மறித்தது. மைத்துனன் அதை நிமிர்த்திப் பிடித்தான்.

"கைய வைக்காத! அப்படியே நில்லு!" என்று பாய்ந்த ரொட்டிக்காரர், மூடியைத் திருகி அளவுகோலை உருவினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

"ராத்திரியோட ராத்திரியா திருப்பி ஊத்திட்டியா?"

"எடுத்தவனும் நான், ஊத்துனவனும் நான், கோடு போட்டவனும் நானா? நல்லா இருக்கு அத்தான்!" என்று அவன் வெறுப்புடன் வண்டியைச் சாய்த்துவிட்டான்.

ரொட்டிக்காரர் மறுபடியும் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. "நிமித்து" என்றார். மேலே ஏறியது. "சாய்." இறங்கியது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஸ்பிரிங் அறுந்த சென்டர் ஸ்டாண்டைத் தாமே கழற்றியெறிந்த பிறகு, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியில்தான் அவர் அளவு பார்த்துவந்திருக்கிறார். சாய்ந்த எஞ்சினில் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கிவிடும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அளவுக்கு மீறி ஊற்றியதை எஞ்சின் புகையாகவும், ஏர் ஃபில்டர் வழியாகவும் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதையே திருட்டெனக் கருதி மேன்மேலும் ஊற்றியிருக்கிறார்.

எஞ்சினின் அடியில் பழைய தட்டொன்றை வைத்து, ஸ்பானருடன் குனிந்தார். "விட்டுடாத மச்சான். கூடுதலா ஊத்துனத வடிக்கணும்."

"வடிஞ்சதும் நான் கிளம்பறேன்."

"ஏர் ஃபில்டரும் நனைஞ்சிருக்கும். தனியாளா முடியாது."

"அதுக்கு ஒரு மெக்கானிக்கக் கூப்பிடுங்க."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ரொட்டிக்காரர் வடியும் எண்ணெயைப் பார்த்தபடி, "தப்பு என்மேலதான்" என்றார்.

"எண்ணெய்கிட்ட சொல்லாதீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மைத்துனன் பிடியை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் நேரா பிடி" என்றார் ரொட்டிக்காரர். "நேராத்தான் பிடிக்கிறியா?"