படகுக்கு மேலே நின்றவர்

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன்னர், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். கிழக்கிலங்கையில், ஒலுவில் துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, படகு திருத்துகிற ஒரு முற்றத்தில். கட்டுக்கதை என்று சொல்லிவிட ஆசைதான். சொன்னால் சொல்கிறவருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும். ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்த இடத்தில் மணல் இன்னும் குழிந்து கிடக்கிறது.

ஸஜாத் சாய்ந்தமருதுக்காரன். கத்தாரில் பல வருடம் கிரேன் வேலைகளுக்கு மேற்பார்வையாளனாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். எதைத் தூக்குவதாக இருந்தாலும் முதலில் அதை வகை பிரிப்பான். எடை தெரியும், இடம் விசாலம், காற்று இல்லை என்றால் அது சாதாரணத் தூக்கல். இவற்றில் ஏதாவது ஒன்று இடித்தால் கவனத் தூக்கல். எடையும் சரியாகத் தெரியாது, உள்ளே என்ன கிடக்கிறது என்றும் தெரியாது என்றால் ஆபத்துத் தூக்கல். ஆபத்து என்று அவன் வாயால் வந்துவிட்டால் அன்றைக்கு ஒரு ஈயைக்கூடப் பக்கத்தில் விடமாட்டான். ஹலால், ஹறாம் என்று பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறானே என்று படகுக்காரர்கள் அவனுக்குக் 'கத்தார் மௌலவி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவனும் அதைக் கேட்டும் கேட்காதவன் போல இருந்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் அன்று பிசகினான். இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் திருத்த வேண்டிய படகெல்லாம் அன்று காலையில்தான் வந்து குவியும். ஜும்ஆ பாங்குக்கு முன்னர் எல்லாவற்றையும் கரையேற்றியாக வேண்டும். கடைசியாக மிஞ்சியது இப்றாஹிம் முதலாளியின் ஆழ்கடல் படகு. அடியில் வெடிப்பு விழுந்து உள்ளே தண்ணீர் ஏறியிருந்த படகு. தண்ணீரெல்லாம் இறைத்தாயிற்று என்று முதலாளி சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஸஜாத் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத படகு ஆபத்து வகை. அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருக்க வேண்டும். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சாதாரணம் என்றான்.

சாதாரணம் என்று சொல்லிவிட்டால் அந்த முற்றத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. படகு தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள் குனிந்து அதன் கீழே போவார். படகு உட்காரப்போகிற கட்டைகளைத் தட்டித் தட்டிச் சரிசெய்வார். எந்த வகைத் தூக்கலிலும் அது கூடாது. ஸஜாத்துக்கும் அது தெரியும். அன்று கீழே போனவன் ஸப்ரி, ஸஜாத்தின் தங்கச்சி ஹுஸ்னியாவின் மாப்பிள்ளை. கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹுஸ்னியாவுக்கு ஏழாம் மாதம். "அவர ஒரு கண் பாத்துக்கங்க காக்கா," என்று அன்று காலையும் அண்ணனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். இந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிரேனில் இருந்தவர் மிஹ்லார். வயதில் மூத்தவர், சொல் எண்ணிக் கதைக்கிறவர். எல்லாருக்கும் அவர் காக்காதான். கிரேன் மேட்டில் நின்றது. அதனால் படகின் மேல்தட்டு அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது படகின் வயிறு மட்டும். காக்காவோடு பேச ஸஜாத்தின் கையில் ஒரு வோக்கி-டோக்கி. படகு சுழலாமல் கயிறு பிடிக்க இரண்டு பேர்.

படகு எழும்பியது. அழகாகத்தான் எழும்பியது. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. மெல்லத் திரும்பி, கட்டைகளுக்கு நேர் மேலே வந்து தொங்கியது. ஸப்ரி குனிந்து கீழே போனான்.

அப்போது படகின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.

நிமிர்ந்தது. சற்றுப் பொறுத்து முன்பக்கம் தாழ்ந்தது. பிறகு மறுபடியும் பின்பக்கம்... கயிறு பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோணிக்குள் ஓர் ஆள் அங்குமிங்கும் நடந்தால் தோணி எப்படி ஆடும்? அப்படித்தான் ஆடியது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

டொக்... டொக்... டொக்...

மேல்தட்டில் காலடிச் சத்தம். பின்பக்கமிருந்து முன்பக்கம். முன்பக்கமிருந்து பின்பக்கம்.

வோக்கி கரகரத்தது. "தம்பி, ஆரு மேல நிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல காக்கா."

சொன்னானே தவிர, ஸஜாத் ஆட்களை எண்ணிப் பார்த்தான். தான் இங்கே. கயிற்றுக்காரர்கள் இரண்டு பக்கமும். ஸப்ரி படகின் கீழே, முதுகு தெரிகிறது. காக்கா மேட்டில். வேறு ஒரு குஞ்சும் இல்லை.

இறக்கு என்று சைகை காட்டினான். ஒரு முழம் இறக்கினால் போதும், ஸப்ரி கட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுவான். வேலை முடிந்துவிடும்.

படகு இறங்கவில்லை.

மறுபடியும் காட்டினான். இறங்கவில்லை...

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்றெல்லாம் சைகை காட்ட ஒரே ஓர் ஆளுக்குத்தான் அதிகாரம். ஆனால் 'நிறுத்து' என்பதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். வழியில் போகிறவன் காட்டினாலும் நிறுத்த வேண்டும்.

"என்ன காக்கா?"

"நிப்பாட்டச் சொல்றார்."

"ஆரு?"



"படகுக்கு மேல நிக்கிறவர். ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு நிக்கிறார்."

தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. காலடிச் சத்தம் நின்றது. ஸப்ரி குனிந்திருந்த இடத்துக்குச் சரி நேர் மேலே நின்றது.

அந்த உச்சி வெயிலில் ஸஜாத்துக்குக் குளிர்ந்தது. பயந்துவிட்டான். பெரிய ஆண்பிள்ளை, எத்தனையோ கோபுரங்களுக்குக் கீழே நின்று வேலை செய்தவன், அழுதுவிடுவான் போல இருந்தது.

"தம்பி... கீழ நிக்கிறவர வெளிய எடுங்க."

"ஸப்ரி!"

ஸப்ரி திரும்பவில்லை.

"ஸப்ரி... வெளிய வா!"

முதுகு அசையவில்லை.

ஓடினான்.

குனிந்தான்.

கையைப் பிடித்தான். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த கை மாதிரி இருந்தது...

இழுத்தான்.

பட்...

படகைத் தாங்கியிருந்த பெல்ட் ஒன்று நழுவியது. பிறகு நிலம் அதிர்ந்தது. கண், காது, வாய் எல்லாம் மணல்.

புழுதி அடங்கியபோது ஸப்ரி பக்கத்தில் நின்றான். உயிரோடு நின்றான். படகு கட்டைகளை நொறுக்கிக்கொண்டு சரிந்து கிடந்தது. ஸஜாத் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். ஸப்ரி ஒன்றும் பேசவில்லை. அதிர்ச்சி என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று ஸஜாத்துக்கு ஜும்ஆ தவறிப்போனது.

மாலையில் உண்மை தெரிந்தது. படகின் ஐஸ் அறைக்குள் தண்ணீர் அப்படியே இருந்திருக்கிறது. மேலறையைத்தான் இறைத்திருந்தார்கள். தண்ணீர் முன்னும் பின்னும் ஓடினால் படகு ஆடத்தானே செய்யும்? உள்ளே ஏதாவது கழன்று கிடந்து டொக் டொக் என்று இடித்திருக்கும். காக்காவுக்கு வெயிலில் கண் பூத்திருக்கும். இப்படியெல்லாம் சொல்லி ஸஜாத் தன் மனதைத் தேற்றிக்கொண்டான். பிழை தன்னுடையது, வகையை மாற்றிச் சொன்னவன் தான் என்று முதலாளியிடமும் ஒப்புக்கொண்டான். திங்கட்கிழமை வேறொரு கிரேன் கொண்டுவந்து, ஆபத்துத் தூக்கல் என்று அறிவித்து, ஒருவரையும் கிட்ட விடாமல் அந்தப் படகைத் தூக்கினான்.

மிஹ்லார் காக்கா மட்டும் வேலைக்கு வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல், ஸஜாத் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார், ஸப்ரியும் அங்கேதான். கேட்டுக்கு வெளியே மிஹ்லார் காக்கா வந்து நின்றார். உள்ளே வாங்க என்றதற்குத் தலையை ஆட்டினார். ஸஜாத் எழுந்து வெளியே போனான்.

காக்காவின் பார்வை வீட்டு வாசலிலேயே இருந்தது.

"படகத் தூக்கினயளாம். கீழ என்ன கிடந்த?"

"ஒண்டுமில்ல காக்கா. மணல்தான்."

"நல்லாப் பாத்தயளா?"

"ஓம்."

அவர் குரலை இறக்கினார்.

"மேல நிண்டது ஸப்ரி."

ஸஜாத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸப்ரி கீழே அல்லவா நின்றான், என் கையால் பிடித்து இழுத்தேனே என்றான்.

"கீழயும் அவர்தான் நிண்ட. ரெண்டு பேரையும் நான் கண்டன்."

ஸஜாத் சிரிக்கவில்லை.

"நீங்க ஓடிப் போனீங்க தம்பி. குனிஞ்சீங்க. வெளிய வரக்குள்ள உங்கட கையில ஒருத்தரும் இல்ல. வெறுங்கையத்தான் இழுத்துக்கிட்டு வந்தீங்க. அதுக்கு மறுகாத்தான் படகு விழுந்த."

"அப்ப... எனக்குப் பக்கத்தில நிண்டது?"

"புழுதி அடங்கக்குள்ள படகுக்கு மேல ஒருத்தரும் இல்ல. மேல நிண்டவர் உங்களுக்குப் பக்கத்தில நிண்டார். கீழ நிண்டவர் வெளிய வரவேயில்ல."

காக்கா போய்விட்டார்.

ஸஜாத் கேட்டைப் பிடித்தபடி நின்றான். உள்ளே ஹுஸ்னியா, சாப்பிட வந்த தன் காக்கா எங்கே போனார் என்று கேட்பது அவன் காதில் விழுந்தது. நான்கு நாட்களுக்குப் பிறகு ஸப்ரி வாய் திறந்தான்.

"அவர் வருவார். நீ எனக்குப் போடு."

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவனுக்குச் சோறு போட்டாள்.