செலீன் கூட்டிய ஒரு அடி

என் தங்கை செலீன் மில்லிக்கனில் கோல்ஃப் பழக்குகிறவள். நாட்டின் பெரிய போட்டிக்குத் தேர்வான நேரம் முழங்கால் வீங்கிவிட்டது. வைத்தியர் வேண்டாமென்றார், அவள் கட்டுப்போட்டுக்கொண்டு போனாள். பிறம்ரனில் லொறி ஓட்டும் நான் லீவு எடுத்து அவளுடைய பையைச் சுமந்தேன்.

கோல்ஃபில் குறைய அடித்தவருக்கே வெற்றி. இரண்டாம் நாள் கடைசிக் குழியருகே, நீண்ட புல்லில் கால் மடங்கித் தடுமாறினாள். மட்டை உரசிப் பந்து அசைந்தது. என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை. அவளோ தன் அடிகளைக் குறித்துக்கொண்டு கூட ஆடியவளைக் கூப்பிட்டுச் சொல்லி, தண்டனையாக ஓர் அடியைக் கூட்டி எழுதச் செய்தாள். அதனாலேயே இறுதிச் சுற்றுகளுக்குப் போக முடியவில்லை.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிய ஓர் அங்கிள் சிரித்தபடி கேட்டார்: "தங்கச்சி தோத்திட்டாவாமே?"

எனக்குச் சுரீரென்றது.

"ஓம் அங்கிள், ஒரேயொரு அடியாலை. அந்த அடியை எழுதச் சொன்னதே அவள்தான்."