எங்கள் வீட்டு இரண்டு சீனிகள்

ஆசிரியத் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டால், அதை நாமே செய்து முடித்த திருப்தி வந்துவிடும். கீரை சாப்பிடுவது, நேரத்துக்குத் தூங்குவது, தினமும் உடற்பயிற்சி செய்வது எல்லாவற்றையும் நானும் என் கணவரும் இருபத்தாறு வருடங்களாக இப்படித்தான் செய்து வந்தோம்.

கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் மேல் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறார். நான் ஆரம்பப் பிரிவு. ஊரே அவரை 'சார்' என்கிறது, நானும்தான். அவர் என்னை 'டீச்சர்' என்பார், சண்டை பிடிக்கும்போதும் அப்படியே. பாடசாலைக்கு மேலே உள்ள எங்கள் குவாட்டர்ஸில் மணி என்று ஒரு நாயும், சீனி என்று ஒரு வெள்ளைப் பூனையும் உண்டு. சாரின் இரத்தத்தில் இன்னொரு சீனி இருப்பது தெரியாமல் வைத்த பெயர் அது. உங்கள் வீட்டிலும் ஒரு சார் இருந்தால், மேற்கொண்டு வாசியுங்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒரு தவணை

தரம் பதினொன்று பையன்கள்கூட சாரைக் கண்டால் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், ஊசி. பாடசாலையில் தடுப்பூசி போட வந்தால் அன்றைக்கு அவருக்கு வலயக் கல்விக் காரியாலயத்தில் அவசர வேலை இருக்கும்.

கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த சிங்கள டொக்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சீனி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதினார். நடக்கச் சொன்னார், இனிப்பை விடச் சொன்னார். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், ஒரு தவணை தாறேன், மூணு மாசம். ஏழுக்குக் கீழ வரல்லேன்னா ஒவ்வொரு நாளும் ஊசிதான்."

நேரசூசி

வீட்டுக்கு வந்ததும் சார் அளவுகோலை எடுத்தார். சிவப்பு, நீலம், பச்சை மையில் நேரசூசி தயாரானது. மாலை நான்கு மணிக்கு ரயில் கேட் வரை நடை, பிறகு கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு பச்சைக் கட்டம். பக்கத்தில் 'பொறுப்பாசிரியர்' என்று என் பெயர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதை ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் ஒட்டினேன். நாலு பேர் பார்த்தால் வெட்கத்துக்காவது செய்வார் அல்லவா?

முதல் ஆளாகப் பாடசாலை அதிபர் வந்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு, ஓய்வறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என்ன சார், உடற்பயிற்சியை விட இடைவேளை கூடவா இருக்கே!"

அரைப்பேர்

ரயில் கேட்டுக்குப் போகும் வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவைப் பறித்தால்தான் பெண்களுக்கு முழுப்பேர் விழும், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்தான். நாங்கள் நடக்கிற நேரமும் அவர்கள் கூடையோடு வரிசையில் நிற்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

மூன்றாம் நாள், மடுவத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். சாரின் காலில் ஒரு அட்டை ஏறிவிட்டது. அதை நான் தட்டிவிட்டேன். ஊசி குத்தியது போல இரண்டு சொட்டு இரத்தம்தான். சார் அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "மழை வரும்போல இருக்கு டீச்சர்" என்று திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மேகம்கூட இல்லை. மணி மட்டும் ரயில் கேட் பக்கம் பார்த்துக் குரைத்தது. போன வேகத்தில் திரும்பி வந்த எங்களைக் கண்டதும், எங்கள் அயல் லயத்து வரிசை வீட்டுத் தங்கம்மா அக்கா கூடையை இறக்காமலே கத்தினார்: "கணக்கப்பிள்ளை ஐயா, எழுதிக்கோங்க, இன்னைக்கு சாருக்கு அரைப்பேருதான்!"

சீனியைக் கண்டீர்களா?

மறுவாரம் பூனை சீனியைக் காணவில்லை. சாருக்கு அதன் மேல் உயிர். அது மடியில் உட்காராவிட்டால் அவருக்கு விடைத்தாள் திருத்த வராது. அன்று நடையாவது பயிற்சியாவது! லயம் லயமாகப் போய், கதவு கதவாகத் தட்டி, "சீனி இருக்கா? சீனி வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். மூச்சு வாங்க, வியர்க்க விறுவிறுக்க. அது வழக்கமான நடையைப் போல இரண்டு மடங்கு என்று எனக்குள் மகிழ்ந்துகொண்டேன்.

பூனை என் புடவைப் பெட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தங்கம்மா அக்கா முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி நிற்கிறார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு சுண்டுப் பேணி நிறையச் சீனியை என் கையில் திணித்தார்: "பாவம் டீச்சர், மனுசன் வீடு வீடாக் கேட்டுத் திரியிறாரு. இன்னைக்கு மட்டும் ஒரு டீயில போட்டுக் குடுங்க, டொக்டர் அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன்."

பாண் ஓட்டோ

ஒன்றரை மாதம் போனது. நேரசூசியில் எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளம். ஆனால் சாரின் இடுப்புப் பட்டி பழைய துளையிலேயே நின்றது. எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் சாரும் மணியும்தான் தனியாக நடக்கப் போனார்கள். அந்த வாரம் மணியும் கொழுத்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டு நான் சேர்ந்து போன முதல் நாள், வளைவில் பாணும் பணிஸும் விற்று வரும் பாண் ஓட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டது. மணி சங்கிலியை இழுத்துக்கொண்டு பறந்தது. ஓட்டோ முன்னால் போய் நேராக உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டு வாலாட்டியது. சார் திடீரென்று ஒரு தேயிலைச் செடியைக் கவனமாக ஆராயத் தொடங்கினார். ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடிக் கதவைத் திறந்து, சீனி தூவிய, முதலை வடிவக் கிம்புலா பணிஸை எடுத்தபடி மரியாதையாகக் கேட்டான்: "டீச்சர், வழமையா சாருக்கு ரெண்டு, மணிக்கு ஒண்ணு. இன்னைக்கு உங்களுக்கும் சேர்த்து நாலாப் போடவா?"

கடைசி வாரம்

அன்றிலிருந்து நான் பக்கத்திலேயே நடந்தேன். மணியும் விடவில்லை. நான்கு மணியானால் சாரின் சப்பாத்தைக் கவ்விக்கொண்டு வந்து போடும். ரயில் கேட்டைத் தொடாமல் திரும்பினால் நடுரோட்டில் படுத்துவிடும். மடுவத்துப் பெண்கள் வேறு தினமும் பேர் போட்டார்கள். மழையிலும் முழுப்பேர்தான்.

இருந்தாலும் சாருக்குப் பயம் போகவில்லை. அந்தப் பணிஸ்கள் அவர் மனதை அரித்தன. பரீட்சைக்கு முந்திய இரவு மட்டும் கொப்பியைத் திறக்கிற பிள்ளைகளை முட்டிக்கால் போட வைத்தவர், கடைசி ஏழு நாள் வெள்ளரிக்காயும் அவித்த போஞ்சியும் மட்டுமே சாப்பிட்டார். காலையும் மாலையும் ரயில் கேட்டுக்கு ஓடினார். "ஒரு வாரம் இறுக்கிப் பிடிச்சா இறங்கிரும் டீச்சர்" என்றார். அதே வாரம்தான் தரம் எட்டுக்குச் சராசரி படிப்பித்துக்கொண்டிருந்தார். இரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் வெள்ளரிக்காய்க் கதையைப் பெருமையாகச் சொன்னார். டொக்டர் அம்மா சிரித்துவிட்டார்: "மாஸ்டர் கணக்குத்தானே படிப்பிக்கிறது? இந்த டெஸ்ட் காட்டுறது மூணு மாசத்துச் சராசரி!"

பெறுபேறு

அறிக்கை வரும்வரை சாருக்குப் பணிஸ் தின்ற நாட்களைத் தாளில் எழுதிக் கூட்டுவதும் வகுப்பதும்தான் வேலை. எப்படிப் போட்டாலும் ஏழுக்கு மேலேயே வந்தது.

கிளினிக்கில் தாளை வாங்கிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. என்னிடம் தள்ளினார். ஆயிரக்கணக்கான பெறுபேற்று அட்டைகளை எழுதிய கையால் நான் அதை விரித்தேன். ஆறு தசம் ஒன்பது! நான் வரிசையில் நிற்பவர்களையும் மறந்து, "பாஸ் சார்! பாஸ்!" என்று கத்திவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். அவர் தாளில் நடந்த நாட்களைச் சேர்க்கவே மறந்திருந்தார். மாத்திரையோடு சேர்ந்து ரயில் கேட்டும் மணியும் மடுவத்துப் பெண்களும்தான் சராசரியை இழுத்து இறக்கியிருந்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மடுவத்தைக் கடக்கும்போது சார் தாளை உயர்த்திக் காட்டினார். கூடைகள் எல்லாம் ஆடின. "முழுப்பேரு! முழுப்பேரு!" என்று மலையே அதிர்ந்தது. வீட்டை நெருங்கினால், பூனைக்குப் பால் வைக்கச் சொல்லிச் சாவி கொடுத்திருந்த தங்கம்மா அக்கா வாசலில் நின்று, கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்த சாரின் பழைய சப்பாத்துப் பெட்டியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்: "சார் ஒடம்புல சீனி கொறைஞ்சிருச்சுன்னு ரொம்ப ஆடாதீங்க டீச்சர், வீட்டுல நாலு கூடியிருக்கு!"

இப்போது தாயும் நாலு குட்டியுமாக ஐந்து சீனியை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை என்று சார் சராசரி போட்டு வைத்திருக்கிறார், அந்தக் கணக்கை மட்டும் டொக்டர் அம்மாவிடம் காட்டுவதாக இல்லை.