எங்கள் வீட்டில் ஓடிய பேய்ப்படம்

ஆபீஸில் ஒரு வாரமாக அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், இன்சூரன்ஸ் பாலிசி போடுகிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. மொத்தம் ஐந்து பேர். பதினொரு மணிக்கு டீ வந்துவிட்டால் ஃபைல்களை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் சினிமா விமர்சகர்களாகிவிடுவார்கள்.

படத்தின் கதையை அவர்கள் பேசிப் பேசியே நான் தெரிந்துகொண்டேன். அணைத் தண்ணீர் ஏறி ஊரே காலி செய்து போன பிறகு, மேட்டில் இருக்கிற ஒரு வீட்டில் மட்டும் ஒரு குடும்பம் தங்கிவிடுகிறது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். இடத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார் அப்பா. மாதம் ஒருமுறை சாமான் கொண்டுவந்த படகும் நின்றுபோகிறது. அம்மா ஆட்டுக்குட்டியோடு பேச ஆரம்பிக்கிறாள். பிறகு ஒருநாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ஒரு பெண் நிற்கிறாள். அவள் அம்மாவின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள்.

"படம் ரொம்ப ஸ்லோங்க. பேய் வர்றதுக்கே பாதிப் படம் ஓடிப்போச்சு" என்றார் எங்கள் சீனியர் மேடம்.

"லாஜிக்கே இல்ல மேடம். அந்தாளு பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டா அரை மணி நேரத்துல படம் முடிஞ்சிருக்கும்" என்றார் வெளியே போய்ப் பாலிசி பிடிக்கிறவர்.

"அந்தம்மா ஆட்டுக்குட்டிகிட்ட பேசுறதெல்லாம் ஓவர் ஆக்டிங். எந்த வீட்ல அப்படிப் பேசுறாங்க?" என்றார் இன்னொருவர்.

என் அம்மா பேசுகிறாள் என்று நான் சொல்லவில்லை. தினமும் காலையில் பட்டியைத் திறந்துவிடும்போது, ராத்திரி என்ன கனவு வந்தது, இன்றைக்கு என்ன குழம்பு, எனக்கு எத்தனை மணிக்கு பஸ் எல்லாவற்றையும் ஆடுகளிடம் ஒப்பித்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் என்னைக் கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனேன்.

எங்கள் வீட்டை ஊர் ஒதுக்கிவைத்து அப்போது இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். என் அண்ணன் திருப்பூரில் வேலை செய்த இடத்தில் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மகனைத் தலைமுழுகிவிட்டதாகக் கோயில் முன்னால் நின்று சொல்லிவிட்டால் போதும், பழையபடி இருக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் அப்பாவிடம் சொன்னார்கள். பெருந்தன்மைதான். அப்பா எழுந்து நின்று, "செத்தவனுக்குத்தான் தலைமுழுகுவாக. எம் மகன் உசுரோட இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் எங்களோடு பேசவில்லை. யாரும் அடிக்கவில்லை, கல் எறியவில்லை, திட்டக்கூட இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். பேசினால் அவர்களுக்கும் அபராதம். ஊர்க் கடையில் உப்புக்கூடத் தரமாட்டார்கள், எல்லாவற்றையும் நான் டவுனிலிருந்து தூக்கிக்கொண்டு வருவேன். பாலை ஊற்ற இடமில்லாமல் கறவை மாட்டை விற்றோம். பெண்கள் குடம் சுமந்து மேளத்தோடு அம்மன் கோயிலுக்குப் போகிற மது எடுப்புத் திருவிழாவில் அம்மா குடத்தில் நெல் நிரப்பி, தென்னம்பாளை செருகி, புதுப்புடவை கட்டி வாசலில் நின்றாள். மேளம் எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போனது. சத்தம் தேய்கிறவரை நின்றுவிட்டு உள்ளே வந்து, குடத்து நெல்லைக் கோழிக்குப் போட்டாள். மனு கொடுத்துப் பார்த்தோம். விசாரிக்க வந்தவரிடம், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்களே, நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்கோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் இருந்த அரை மணி நேரமும் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அப்பா தாங்கிக்கொண்டார். அவருக்குக் கோபம் துணை இருந்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவள் பேச்சில் வாழ்ந்தவள். தண்ணீர் பிடிக்கப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவாள், ஊர்ச் செய்தியெல்லாம் குடத்தோடு வரும். இப்போது சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னாலேயே வருவாள். பஸ்ஸில் யார் யார் வந்தார்கள், கண்டக்டர் என்ன சொன்னார், ஆபீஸில் யார் என்ன சேலை, ஒன்று விடாமல் கேட்பாள். சில நாள் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அவளை அங்கிருந்து கிளப்பியே ஆகவேண்டும் என்று கீரனூரில் ஒரு வீடு பார்த்தேன். புதுக்கோட்டை என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் வந்துபோகிற இடம், கீரனூரில் எங்களை யாருக்கும் தெரியாது. இரண்டு அறை, வாசலில் குழாய், சுவரை ஒட்டி இன்னொரு வீடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார் வீட்டுக்காரர். அப்பாவிடம் சொன்னால் ஒரே பதில்தான். "இந்த வீட்டை விட்டு வெளிய போனா, தலைமுழுகிட்டதாத்தான் கணக்கு."

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. அடுத்தவன் கஷ்டத்தைத் திரையில் பார்த்தாலாவது இவர் மனம் மாறும் என்று நினைத்தேன். படித்தவள் செய்கிற முட்டாள்தனம் இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபோனை டிவியில் இணைத்து அந்தப் படத்தைப் போட்டேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தார். அம்மா தரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தாள். படகு நின்றுபோகிற இடத்தில் அவள் கை நின்றது, பிறகு கீரையைத் தொடவே இல்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் இரண்டு பேர் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் கடைசியில், கதவைத் தட்டி வந்த பெண் அந்த அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். அந்த அம்மா வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள், யாரும் திறக்கவில்லை. அத்தோடு படம் முடிந்தது.

"எப்புடிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்தாளு மேல என்ன தப்பு? அவன் வீட்ல அவன் இருந்தான். தண்ணியத் தேக்கிவிட்டவன் எவனோ, அவன ஒருத்தரும் கேக்கல. படம் எடுத்தவனும் கேக்கல, நீயும் கேக்க மாட்ட."

ஆபீஸில் நான்கு பேர் ஒரு வாரம் அலசிய படத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அவர் சொன்னது சரி. சரியாக இருந்து எங்களுக்கு என்ன பிரயோசனம் என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

"நீ சொல்லும்மா" என்றேன்.

அம்மா கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவுக வீட்டுக் கதவத் தட்டப் பேயாச்சும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அப்பா வெகுநேரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவர் மனம் அசைகிறது என்று எனக்கு ஒரு ஆசை வந்தது.

இன்னொரு ஆசையும் அதே நாள் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெண் என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் நம்பர் என் ஃபோனிலும் என் நம்பர் அவள் ஃபோனிலும் அப்படியேதான் இருந்தன. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக அவள் வாழ்க்கையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் அந்தப் படத்தின் போஸ்டரை வைத்து, கீழே எழுதியிருந்தாள்: "பார்த்து அழுதுட்டேன். பாவம் அந்த அம்மா. யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தா பிழைச்சிருக்கும்." பக்கத்தில் அழுகிற பொம்மை நான்கைந்து.

நான் அதைப் பத்துத் தடவை படித்தேன். எங்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள், நேரில் பேச முடியாமல் இப்படிச் சொல்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றாள். கொஞ்சம் தள்ளி வேறு சிலரும் நின்றார்கள். நான் பக்கத்தில் போய், மெதுவாக, "நானும் அந்தப் படம் பாத்தேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் கோபமோ பயமோ ஒன்றும் இல்லை. நான் நின்ற இடத்தில் யாருமே இல்லாததுபோல் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள், பிறகு நகர்ந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் எங்களை நினைத்து எழுதவில்லை. படத்தைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறாள், நிஜமாகவே அழுதிருக்கிறாள். எங்கள் வீடு அவளுக்கு ஞாபகத்திலேயே வந்திருக்காது. அவள் வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அவராகவே பேச்சை எடுத்தார். "நீயும் ஒங்காத்தாவும் கீரனூருக்குப் போங்க. நான் இங்க இருந்துக்கிறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "நானும் போயிட்டா இந்த மனுசன் யாருகிட்ட பேசுவாரு? நீ போத்தா" என்றாள். எவ்வளவோ கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் கையைப் பிடித்து இழுக்கக்கூடச் செய்தேன். அவள் முறத்தை விடவில்லை.

நான் போனேன். வாராவாரம் வந்து சாமான் வாங்கிப் போட்டுவிடலாம், கொஞ்ச நாளில் அவர்களும் மனம் மாறி வந்துவிடுவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு மூச்சு முட்டியது. கீரனூரில் முதல்நாள் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "தண்ணி மோட்டார் ஆறு மணிக்குப் போடுவோம், புடிச்சுக்கங்க" என்றார். உள்ளே வந்து அழுதேன்.

முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்குப் போய், சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். மூன்றாவது மாதம் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்ததால் தங்கினேன். காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "எப்ப வந்த?" என்றாள்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், வேறு யாரையோ கேட்கிறாள் என்று. என்னைத்தான் கேட்டாள்.

"நேத்து" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. தண்ணீர் வசதி எப்படி, வாடகை வீடுதானா, ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸா என்று அவள் கேட்டாள், எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னேன். போகும்போது அவளே சொன்னாள், "நீதான் தனியாப் போயிட்டேல்ல. ஒங்கிட்ட பேசலாம்னு சொல்லிட்டாக."

துடைப்பத்தோடு திரும்பினேன். அம்மா கதவோரத்தில் நின்றாள். பட்டிக் கதவருகே அப்பா தழைக்கட்டோடு நின்றார். இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, "என்ன கேட்டா? மொதல்லருந்து சொல்லு" என்றாள். "அவ ஆத்தாளுக்கு முழங்கால் வலி எப்புடி இருக்காம், அதக் கேட்டியா? என்னப் பத்தி எதுவும் கேட்டாளா?" கேட்டதாகப் பொய் சொன்னேன். அம்மா மூன்று தடவை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் கிளம்பும்போது அப்பா மரத்தடியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "போயிட்டு வாரேன்ப்பா" என்றேன். அவர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார். இன்னொருமுறை சொன்னேன். தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டு நகர்ந்துவிட்டார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் ஊரில் அத்தனை பேரிடமும் அந்த முகத்தைத்தான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.