முள்ளுக்காட்டுக்குள் வந்த வள்ளம்

தொண்ணூறுகளோட தொடக்கத்துல ஒரு ஐப்பசி மாசம் நடந்தது இது. திருச்சுழிக்குப் பக்கத்துல, குண்டாத்துக் கரையில இருக்கு எங்க ஊரு. நான் பாளையம்பட்டியில கடை வச்சிருந்தவரோட மக. பத்தாவது வரைக்கும் படிச்சவ. இங்க வாக்கப்பட்டு வந்து அப்ப ஆறு வருஷம் ஆகியிருந்துச்சு. படிப்பை எதுக்குச் சொல்லுறேன்னா, என் மானம் போனதே அதுலதான்.

எங்க குண்டாறு வருஷத்துல முக்காவாசி நாளு வெறும் மணலு. பொம்பளைங்க நாங்க குடத்தைத் தூக்கிட்டு ஆத்துக்குள்ள நடந்து போயி, ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியால மோந்து ஊத்தித்தான் குடிதண்ணி கொண்டு வரணும். என்னைக்காவது ஆறு வந்துச்சுன்னா ஊருக்கே திருவிழாதான். மஞ்சளும் பூவும் எடுத்துட்டுப் போயி, குலவை போட்டுத் தண்ணிய வரவேற்போம். அன்னைக்குக் காலையில மொத பஸ்ஸுல வந்த கண்டக்டரு, மேல ரெண்டு கண்மாய் உடைஞ்சிருச்சு, சூதானமா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. குடிக்கத் தண்ணியில்லாத ஊருல வெள்ளமாம்னு நாங்க சிரிச்சோம். சிரிச்ச வாயோட போயிக் குலவையும் போட்டோம்.

ஆறு வந்தா எங்க பக்கத்துல வெள்ளாமை பாக்குற சம்சாரிக்கு மொத வேலை, ஆத்தோரக் கிணத்துல கிடக்கிற மோட்டாரை மேல தூக்குறது. எங்க வீட்டுக்காரரும் என் கொழுந்தனும் கயிறு, சங்கிலியெல்லாம் எடுத்துக்கிட்டு, பாலத்து வழியா அக்கரையில இருக்கிற எங்க வயலுக்கு அதுக்குத்தான் போனாக. மோட்டாரைத் தூக்கி ரூமுக்குள்ள வச்சுட்டு நிமிர்ந்து பாத்தா, பின்னால ஓடை வழியாவும் தண்ணி புகுந்து வயலைச் சுத்தி வளைச்சிருச்சு. ரெண்டு பேரும் மோட்டார் ரூமோட தட்டோட்டுக் கூரை மேல ஏறிட்டாக. நாங்க கரையில நின்னு பாக்குறோம். கத்துனா கேக்காத தூரம். கொழுந்தன் துண்டை வீசுறது மட்டும் தெரியுது. நல்ல மத்தியானத்துல தண்ணி அந்த ரூம் ஜன்னலைத் தொட்டுருச்சு. மண்ணு வச்சுக் கட்டுன செவுரு அது, எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த நேரத்துலதான் ஒரு லாரி வந்து நின்னுச்சு. லாரி மேல ஒரு வள்ளம். எங்க ஊருக்காரங்க பாதிப்பேரு வள்ளத்தை அன்னைக்குத்தான் கண்ணால பாத்தாக. கீழ ஒரு கிராமம் முழுகிக் கிடக்குன்னு கடக்கரையில இருந்து வள்ளத்தையும், அதை ஓட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருக்காக. எங்க ஊரைத் தாண்டி ரோடு அத்துக்கிட்டுப் போனதால லாரி மேக்கொண்டு போக முடியல. கூடவே ஒரு ஜீப்பு, அதுல ஒரு அதிகாரி.

நாங்க சந்தோசத்துல ஓடினோம். அந்த அதிகாரி ஜீப்பை விட்டு எறங்கவே இல்ல. இது உங்க ஊருக்கு உத்தரவான வள்ளம் இல்ல, மேல கேக்காம இறக்க முடியாதுங்கிறாரு. மேல எப்பக் கேப்பீகன்னா, போன் வேலை செய்யலங்கிறாரு. அப்ப ரோடு சரியாகுற வரைக்கும் வள்ளம் லாரி மேலயே இருக்கணுமான்னு எங்க ஊரு ஆளுக கேட்டா, நான் பதில் சொல்ல வேண்டியவன்ங்கிறாரு. நான் ஜீப்புக் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். தூத்தல் உள்ள அடிக்குதுன்னு கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு மனுசன். மடியில இருந்த பைலுக்குப் பிளாஸ்டிக் பை போட்டுப் பத்திரமா வச்சிருந்தாரு. அதை நெனச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வள்ளக்காரவுகள்ல மூத்தவரு லாரி மேல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. என்னைப் பாத்து, "அங்க நிக்கிறது யாரும்மா?"ன்னாரு. எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும்னேன். அவரு உடனே எந்திரிச்சுக் கட்டுக் கயித்தை அவுக்க ஆரம்பிச்சுட்டாரு. அதிகாரி அப்பத்தான் ஜீப்பை விட்டு எறங்கி, உன் பேருல எழுதிருவேன்னு சத்தம் போடுறாரு. எங்க ஊரு ஆம்பளைங்க அதுக்குள்ள வள்ளத்தைத் தோளுல தூக்கிட்டாக.

தண்ணியில விட்டதும் அடுத்த சிக்கலு. ஆத்தோரம் பூராவும் சீமைக்கருவேலம். தண்ணிக்கு மேல கொப்பும் கொழையும்தான் தெரியுது, அடியில என்ன கிடக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கடல்ல முள்ளு ஏது? எந்தப் பக்கமா விடணும்னு கேட்டாரு. எங்க ஆம்பளைங்க ஆளுக்கொரு திசையைக் காட்டுறாக. அவுக பாலத்து மேல பஸ்ஸுலயும் சைக்கிள்லயும் போறவுக, அவுகளுக்கு ஆத்துக்குள்ள என்ன தெரியும்? குடத்தோட தினமும் நடந்தது நாங்கதான். எங்க கரையில நிக்கிற ஒத்தப் பனையில இருந்து நேரா மோட்டார் ரூமுக்கு, மணல் வண்டி போற பாதை ஒண்ணு முள்ளு இல்லாமக் கிடக்கும். நான் கூட வாரேன்னு சொன்னேன். பொம்பளை எதுக்குன்னு கூட்டத்துல ஒருத்தரு இழுத்தாரு. மூத்தவரு என்னைப் பாத்து, "எங்க பக்கத்துலயும் வள்ளத்துல பொம்பளைய ஏத்துற பழக்கமில்ல. இது கடல் இல்லையே, ஏறும்மா"ன்னாரு.

நான் கையக் காட்டக் காட்ட அண்ணனும் தம்பியும் கம்பை ஊனித் தள்ளுறாக. போறப்ப ஒரு கீறல் விழல. ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுத் திரும்புறப்ப, பாரம் கூடி வள்ளம் தாழ்ந்து வந்துச்சு. பாதி வழியில அடியில டமார்னு ஒரு சத்தம். கரிமூட்டம் போடுறதுக்கு மரத்தை வெட்டிட்டு விட்டுப்போன கருவேலங்கட்டை ஒண்ணு அடிப்பலகையைப் பொளந்துருச்சு. அந்தக் கட்டையில நானே எத்தனை தடவை சேலையக் கிழிச்சிருக்கேன். சொல்ல மறந்துட்டேன். எங்க வீட்டுக்காரரைப் பாத்த சந்தோசத்துல எல்லாம் மறந்து போச்சு. தம்பிக்காரரு தன் கைலியக் கிழிச்சு ஓட்டையில அடைச்சுக் காலால மிதிச்சுக்கிட்டாரு. நாங்க மூணு பேரும் தகர டப்பாவால மோந்து மோந்து வெளிய ஊத்துனோம். எப்படியோ கரை சேந்துட்டோம். கொஞ்ச நேரத்துல மோட்டார் ரூம் செவுரு சரிஞ்சு உள்ள விழுந்ததை எல்லாரும் கரையில இருந்துதான் பாத்தோம்.

பள்ளிக்கூடத்துல எங்களையெல்லாம் தங்க வச்சாக. சாயங்காலம் அதிகாரி அங்க வந்தாரு. இப்ப முகம் பூராச் சிரிப்பு. ஒரு காகிதத்தை நீட்டி, ரெண்டு பேரைப் பத்திரமா மீட்டாச்சுன்னு எழுதியிருக்கு, நிவாரண அரிசிக்கும் இது வேணும், நீங்கதான் படிச்சவுக, ஒரு கையெழுத்துப் போடுங்கன்னாரு. ஒரு பக்கம் நெருக்கி எழுதியிருந்துச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்கள்ல கைநாட்டு வைக்காத ஆளு நான் ஒருத்திதான். அந்தப் பவுசுல, இனிசியலோட முழுப்பேரையும் அழகா எழுதிக் குடுத்தேன். ஒரு வரி படிக்கல.

பொங்கல் முடிஞ்சு ஒரு நாளு, வள்ளக்கார அண்ணன் ரெண்டு பஸ்ஸு மாறி எங்க வீட்டைத் தேடி வந்துட்டாரு. நான் ஓடிப்போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். குடிச்சுட்டு, மடிச்சு வச்சிருந்த ஒரு நகலை எடுத்து நீட்டுனாரு. அடிப்பலகை போனதுல இருந்து தொழிலுக்குப் போகல, சரிபண்ணித் தாங்கன்னு தாலுகா ஆபீஸுல கேட்டதுக்கு இதைக் குடுத்து அனுப்பிட்டாக, நீங்க எழுதிக் குடுத்ததாச் சொல்லுறாகன்னாரு. வாங்கிப் படிச்சேன். அதிகாரி தடுத்தும் கேக்காம வள்ளத்தை இறக்குனாகளாம். கவனமில்லாம ஓட்டிச் சேதப்படுத்துனாகளாம். இதையெல்லாம் நான் நேருல பாத்துச் சொல்லுறேனாம். கீழ என் கையெழுத்து, இனிசியலோட.

அவரு கோவப்படல. தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நான் தப்பாவா ஓட்டுனேன்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே அந்த ஆபீஸுக்குப் போனேன். கட்டையச் சொல்ல மறந்தது நான், அவுக மேல ஒரு குத்தமும் இல்ல, வேற காகிதம் எழுதித் தாரேன்னேன். கையெழுத்து உங்களோடதுதானேன்னு கேட்டாக. ஆமான்னேன். அப்ப இதுல ஒண்ணும் பண்ணுறதுக்கில்ல, பைலை முடிச்சாச்சுன்னுட்டாக. அஞ்சு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் எழுதிக் குடுத்த மனுவை வாங்கி ஒரு மூலையில போட்டாக, அம்புட்டுத்தான். அந்த அதிகாரி அதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டாரு. வெள்ளத்துல நல்லா வேலை பாத்தாருன்னு அவருக்குப் பாராட்டு வேற குடுத்ததாக் கேள்விப்பட்டேன். வயிறெரிஞ்சேன்.

கடைசியில எங்க வீட்டுக்காரரு வயக்காட்டுல நின்ன பெரிய வேப்பமரத்தை வெட்டிப் பலகையா அறுத்து, லாரியில ஏத்திக் கடக்கரைக்குக் கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தாக. வேணாம் வேணாம்னு சொல்லித்தான் அந்த அண்ணன் வாங்கிக்கிட்டாராம். வள்ளம் மறுபடி கடலுக்குப் போயிருச்சு.

இப்ப நான் ரேஷன் கடை நோட்டுல இருந்து பள்ளிக்கூடச் சீட்டு வரைக்கும், பின்னால நிக்கிறவுக எம்புட்டு முணுமுணுத்தாலும், ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் பேனாவைத் தொடுறேன். ஆனா அதுல என்ன பிரயோசனம்? எந்த அலமாரியிலயோ ஒரு காகிதக் கட்டுக்குள்ள, என் வீட்டு ஆளுக உசுரைக் காப்பாத்துன மனுசன் மேல குத்தம் சொல்லிக்கிட்டு, என் பேரு அழகான கையெழுத்துல இன்னும் அப்படியேதான் கிடக்கு.