வெள்ளை ரிப்பன் அல்மீடாவும் புது லேபிளும்

ஐயோவா மாநிலத்து ஹார்லன் மில் ஊரில் அல்மீடா க்ரவுச்சுக்குப் பயப்படாத குடிகாரன் ஒருவன்கூடக் கிடையாது. சனிக்கிழமை ஆனால் போதும், மார்பில் வெள்ளை ரிப்பன் குத்திய மதுவிலக்குச் சங்கப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குஸ்தாவ் அம்ரைனின் மதுக்கடை வாசலில் போய் நின்று பாடுவாள். பாட்டு என்றால் சும்மா பாட்டா? கூரைமேல் கிடந்த பனி சரிந்து விழும். கட்டிப்போட்ட குதிரைகள் கயிற்றை அறுக்கும். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கன்னம் சிவக்க, பாவாடை சுழல, தெருவையே குலுக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

"இதெல்லாம் கடவுள் குடுக்கிற தெம்புடி," என்பாள் அல்மீடா.

கொஞ்சம் டாக்டர் மெரிவேலும் கொடுத்தார். "மெரிவேல் பெண்கள் பலமருந்து" என்று பச்சைப் பாட்டிலில் வரும். அவள் முழங்கால் வலிக்கு அது ஒன்றுதான் கேட்கும். காலையில் ஒரு கரண்டி, ஊர்வல நாளில் சங்கத்துக்கே ஆளுக்கு இரண்டு கரண்டி. ஆனால் ரிப்பன் குத்தியவர்களுக்கு மட்டும்தான்.

அந்த ரிப்பனில் அவள் அவ்வளவு கறார். உதட்டில் ஒரு சொட்டு மது பட்டாலும் ஊரார் முன்னிலையில் கழற்றிவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவள் கணவனின் தங்கை தர்சா ஒரு கல்யாண விருந்தில் இனிப்பின்மேல் ஊற்றியிருந்த பிராந்திப் பாகை விரலால் வழித்து நக்கிவிட்டாள். விருந்து மேசையிலேயே அவள் ரிப்பன் போனது. கூடவே பலமருந்தும் போனது. மூன்று வருடமாகத் தர்சா ஊர்வலத்தின் வாலில் முரசு தட்டிக்கொண்டு வந்தாள், ரிப்பன் இல்லாமல், தெம்பும் இல்லாமல்.

அதே தர்சாவின் பேரப்பிள்ளைதான் பல் முளைக்கும் வலிக்குக் கொடுத்த இனிப்பு மருந்தைக் குடித்துவிட்டு ஒரு பகல் முழுவதும் கண் திறக்கவில்லை. பிழைத்தது ஆண்டவன் புண்ணியம். மருந்தில் அபின் இருந்ததாம். பாட்டிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கொழுகொழு குழந்தைப் படம்தான் இருந்தது.

அன்றைக்கு அல்மீடாவுக்கு வந்த கோபம் அடங்கவே இல்லை. ஜனாதிபதி இறைச்சிக் கம்பெனிகளையும் மருந்துக் கம்பெனிகளையும் ஒரு பிடி பிடிக்கப்போகிறார், உள்ளே இருப்பதை வெளியே எழுதச் சொல்லிச் சட்டம் கொண்டுவரப்போகிறார் என்று பத்திரிகையில் வந்ததும், அவர் படத்தை வெட்டி அடுப்புக்கு மேலே மாட்டினாள். வண்டி பூட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் அந்தச் சட்டம் வேண்டுமென்ற மனுவில் கையெழுத்து வாங்கினாள். போடமாட்டேன் என்றவர்கள் வீட்டில், போடும்வரை உட்கார்ந்திருந்தாள். சட்டம் நிறைவேறிய அன்று தேவாலய மணியை அவளே இழுத்து அடித்தாள்.

புத்தாண்டு பிறந்து, புதுச் சட்டப்படி முதல் மருந்துப் பெட்டி வந்தது. மருந்துக்கடை எபன் சாட்லர் பச்சைப் பாட்டிலை எடுத்து வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"அம்மா, இதப் படிக்காம எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

"எதுக்கு எபன்? எழுதச் சொன்னதே நான்தானே!" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நூற்றில் இருபத்திரண்டு பங்கு ஆல்கஹால்.

"அச்சுப் பிழை," என்றாள்.

"இல்லம்மா."

"குஸ்தாவோட பீர்ல எவ்வளவு?"

"அஞ்சு இருக்கும்," என்றார் எபன், கூரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழைய லேபிள் ஒட்டின சரக்கு உள்ள கொஞ்சம் கிடக்கு. அத எடுத்துக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அல்மீடாவின் முழங்கால் ஆமாம் ஆமாம் என்றது. கழற்ற வேண்டியிருக்காதே என்று ரிப்பனும் ஆமாம் என்றது. பதினாறு வயதில் குத்தியது. அது இல்லாமல் அவள் புகைப்படம் எடுத்ததுகூட இல்லை.

"அடுத்தவன் பாட்டிலுக்கு மட்டுமா நான் சட்டம் கேட்டேன்?" என்று கத்திவிட்டுப் புதுப் பாட்டிலோடு வெளியேறினாள்.

சனிக்கிழமை ஊர்வலத்துக்கு யாருக்கும் கரண்டி கிடைக்கவில்லை. ஏன் என்றும் அவள் சொல்லவில்லை. பெண்கள் பாதி வழியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு, சளி பிடித்த வாத்துகள் கத்துவதுபோல் இருந்தது. ஒரே சீராக ஒலித்தது தர்சாவின் முரசு மட்டும்தான்.

குஸ்தாவ் கவலையோடு வெளியே வந்தான். "என்ன அல்மீடாம்மா, உடம்புக்கு முடியலயா? போன வாரம் என் ஜன்னலே அதிர்ந்துச்சே!"

அல்மீடா படியேறினாள். பாட்டிலை உயர்த்தி, லேபிளைக் கடைசி எழுத்துவரை உரக்கப் படித்தாள். தெருவே சிரிப்பில் வெடித்தது. குஸ்தாவ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிடி நழுவிப் படியில் உட்கார்ந்து சிரித்தான்.

"ஐயோ! இத்தனை வருஷமா என் கடைக்கு வந்தவங்கள்ல அதிகமாக் குடிச்சவங்க வாசல்ல நின்னு பாடினவங்கதானா!"

"சிரி, நல்லாச் சிரி. நான் என்னோடதப் படிச்சிட்டேன். இப்ப நீ உன்னோடதப் படி."

"என்னோடதா?"

"புத்தாண்டுலேருந்து உன் விஸ்கிப் பீப்பாய் ஏன் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்குது? வாசல்ல நிக்கிறவளுக்கு உள்ள இருக்கிறது தெரியாதா?"

குஸ்தாவின் சிரிப்பு நின்றது. உள்ளே இருந்த கொல்லன் ஹாஸ்கெல் எழுந்து பீப்பாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பினான். புதுச் சட்டத்தின் லேபிள் அதிலும் இருந்தது: "விஸ்கி போலச் செய்தது. சாயமேற்றிய சாராயம், பிளம் பழச்சாறு."

"பிளம் சாறா? அசல் கென்டக்கி விஸ்கி, பன்னெண்டு வருஷம் ஊறினதுன்னு சொன்னியேடா!" என்று ஹாஸ்கெல் கத்தினான்.

"வருஷம் ஊறலன்னாலும் பழம் ஊறிச்சு..." என்ற குஸ்தாவ் பின்கதவு வழியாகப் பனியில் பாய்ந்தான். ஊர்க் குடிகாரர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சங்கப் பெண்கள் அவர்களை உற்சாகப்படுத்திக் கை தட்டினார்கள்.

ஆரவாரம் ஓய்ந்ததும் அல்மீடா தன் ரிப்பனைத் தானே கழற்றினாள். நேராக ஊர்வலத்தின் வாலுக்குப் போய் அதைத் தர்சாவின் மார்பில் குத்தினாள்.

"மூணு வருஷமா இந்தக் கூட்டத்துல குடிக்காதவ நீ ஒருத்திதான். போ, முன்னால நட."

"அண்ணி! நான் அந்தப் பிராந்திய..."

"நீ நக்கினது ஒரு விரல். நான் நக்கினது ஒரு பீப்பாய். முரசக் குடு இங்க."

முரசை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தாளம் தப்பினாலும் சத்தம் குறையவில்லை. தர்சா திரும்பித் திரும்பிப் பார்த்து, "மெதுவா அண்ணி, மெதுவா!" என்று கத்திக்கொண்டே முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை முழங்கால் வலி அல்மீடாவைக் கொன்றது. சூடான வினிகரில் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு மேலே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த ஜனாதிபதியை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னையே பிடிச்சுட்டீங்களே ஐயா," என்றாள். படம் லேசாகச் சாய்ந்திருந்தது. நொண்டிக்கொண்டே போய் அதை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.